லூயிசா மே ஆல்காட்: சிறார் புனைவும் எழுத்தாளரின் விடுதலையும்

கேள்வி

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகர விடுதி ஒன்றில் தங்கி அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் ஒரு நாவலை எழுதி முடித்தார். 'எ மாடர்ன் மெஃபிஸ்டோஃபிலிஸ்' என்ற அந்த நாவலில் அவர் பெயர் இல்லை. ஆசிரியரின் பெயரைச் சொல்லாமல் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டுவந்த ஒரு நூல் வரிசையில் அது இடம்பெற்றது. அதை எழுதும்போது தமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியையும், சிறாருக்கு நீதிக் கூழ் காய்ச்சி ஊற்றியே அலுத்துப்போனதையும் அவர் தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். அப்போது அவருக்கு வயது 44. அவருடைய சிறார் நாவல் 'லிட்டில் விமன்' வந்து எட்டாண்டுகள் கடந்திருந்தன.

இந்தச் சிறு பதிவு ஆல்காட் ஆய்வில் அளவுக்கு மீறிய பாரத்தைச் சுமந்துவருகிறது. பணத்துக்காகச் சிறார் நூல்கள், மனத்துக்காக மற்றவை என்று அவருடைய எழுத்தை இரண்டாக வகுப்பவர்கள் எல்லோரும் இறுதியில் இந்தப் பதிவிடம்தான் வந்து நிற்கிறார்கள். 'சிறார் எழுத்தாளர் ஆல்காட்' ஒரு வேடம், அந்த வேடத்துக்குப் பின்னால் சினமும் வேட்கையும் கொண்ட உண்மையான நாவலாசிரியர் ஒருவர் மறைந்திருந்தார் என்பது கடந்த ஐம்பது ஆண்டுகளில் வலுப்பெற்ற கருத்து.

இக்கருத்தை இக்கட்டுரை ஐயத்தோடு அணுகுகிறது. ஆல்காட் எழுதியவை மூன்று வகை: புனைபெயரிலும் பெயரில்லாமலும் வார இதழ்களில் வந்த பரபரப்புக் கதைகள், வளர்ந்தவர்களுக்கான நாவல்கள், சிறார் நாவல்கள். இம்மூன்றில் எது அவருக்குக் கூடுதலான இடம் கொடுத்தது? விரும்பியதைச் சொல்லவும், சொன்னது அழியாமல் நிற்கவும் எந்த வகை உதவியது? சிறார் நாவல்தான் என்பது என் முடிவு. அவருடைய நாட்குறிப்பு சில இடங்களில் இதற்கு எதிராகப் பேசினாலும் அவருடைய படைப்புகளின் சான்று இந்தப் பக்கமே சாய்கிறது.

வாழ்க்கை வரலாறுகள் கட்டியெழுப்பிய ஆல்காட்

ஆல்காட் 1888 மார்ச் 6 அன்று இறந்தார். மறு ஆண்டே எட்னா டௌ செனி அவருடைய வாழ்க்கையையும் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்து வெளியிட்டார். குடும்பத்துக்காகத் தன்னைக் கரைத்துக்கொண்ட மகள், குழந்தைகளின் தோழி என்ற உருவம் அந்த நூலில்தான் நிலைபெற்றது. செனி பலவற்றை வெட்டினார். ஆல்காட்டும் தம் பழைய தாள்களில் பலவற்றை முன்பே அழித்திருந்தார். எஞ்சியவற்றைப் பிற்காலத்தில் திரும்பப் படித்து ஓரங்களில் குறிப்பு எழுதினார். நம் கைக்கு வந்திருக்கும் நாட்குறிப்பு, அதை எழுதியவரே ஒருமுறை பதிப்பித்த ஆவணம். அதிலுள்ள ஒரு வரியை மட்டும் பிடுங்கி எடுத்து முடிவு காண்பது ஏன் சரியில்லை என்பதை இது ஓரளவு விளக்கும்.

1942இல் அரிய நூல் வணிகரும் ஆய்வாளருமான லியோனா ராஸ்டன்பெர்க், ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் பதிப்பாளர் ஜேம்ஸ் ஆர். எலியட் ஆல்காட்டுக்கு எழுதிய ஐந்து கடிதங்களைக் கண்டெடுத்தார். 'ஏ. எம். பர்னார்ட்' என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் ஆல்காட் என்பது அக்கடிதங்களால் உறுதியானது. மறு ஆண்டு இது நூலியல் சங்கத்தின் இதழில் வெளியானது. ராஸ்டன்பெர்க்கின் தோழியான மாடலீன் ஸ்டெர்ன் 1950இல் ஆல்காட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஆனால் அந்தக் கதைகளைத் தொகுத்து 'பிஹைண்ட் எ மாஸ்க்' என்ற பெயரில் பொது வாசகர் முன் வைத்தது 1975இல்தான். அமெரிக்கப் பெண்ணியத் திறனாய்வு உச்சத்தில் இருந்த காலம் அது. நூல் சரியான நேரத்தில் வந்து விழுந்தது.

1977இல் மார்த்தா சாக்ஸ்டன் எழுதிய வாழ்க்கை வரலாறு 'லிட்டில் விமன்' நாவலை ஒரு கலைஞரின் பின்வாங்கலாகவே கண்டது. ஜூடித் ஃபெட்டர்லி 1979இல் இன்னும் நுட்பமாகப் படித்தார். அந்த நாவலின் மேற்பரப்பு பணிவைப் போதிக்கிறது, அடியில் சினம் ஓடுகிறது, இரண்டுக்கும் இடையே ஓர் உள்நாட்டுப் போரே நடக்கிறது என்பது அவர் வாசிப்பு. 1990களில் மேலும் இரண்டு கைப்பிரதிகள் நூலாயின: 1866இல் எழுதி, நீளத்தாலும் மிகையான பரபரப்பாலும் மறுக்கப்பட்ட 'எ லாங் ஃபேட்டல் லவ் சேஸ்', பதினேழு வயதில் எழுதிய 'தி இன்ஹெரிட்டன்ஸ்'. ஒவ்வொரு கண்டெடுப்பும் 'மறைந்திருந்த ஆல்காட்' என்ற உருவத்துக்கு வலுச்சேர்த்தது. புதிதாகக் கிடைத்த பொருளையே மெய்யானதாக எண்ணும் இயல்பு ஆய்வாளருக்கும் உண்டு.

எழுதியே தீரவேண்டிய வீடு

ஆல்காட்டின் எழுத்தைப் பணத்திலிருந்து பிரித்துப் பேச முடியாது. அவர் 1832 நவம்பர் 29 அன்று பென்சில்வேனியாவின் ஜெர்மன்டௌனில் பிறந்தார். தந்தை பிரான்சன் ஆல்காட் சிந்தனையாளர், கல்விச் சீர்திருத்தவாதி, தத்துவ எழுத்தாளர் எமர்சனின் நண்பர். 1834இல் பாஸ்டனில் அவர் தொடங்கிய டெம்பிள் பள்ளி, குழந்தைகளைக் கேள்வி கேட்டுச் சிந்திக்கவைத்த முன்னோடி முயற்சி. கிறித்தவ நற்செய்திகளைப் பற்றிக் குழந்தைகளோடு அவர் நடத்திய உரையாடல்கள் அச்சேறியபோது நகரம் கொதித்தது, பள்ளி தேய்ந்தது. பின்னர் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்ததற்காக, மிச்சமிருந்த பெற்றோரும் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டார்கள். 1843இல் அவரும் சார்லஸ் லேனும் தொடங்கிய 'ஃப்ரூட்லேண்ட்ஸ்' என்ற கூட்டு வாழ்க்கைப் பண்ணையில் இறைச்சி, பால் இரண்டும் விலக்கு. அடிமை உழைப்பில் விளைந்ததால் பருத்தியும் ஆட்டுக்கு உரியதென்பதால் கம்பளியும் விலக்கு. ஏழே மாதத்தில் பண்ணை கலைந்தது. பத்து வயதில் அதைக் கண்ட மகள், முப்பது ஆண்டுகள் கழித்து 'டிரான்சென்டென்டல் வைல்ட் ஓட்ஸ்' என்ற கதையில் அங்கு பெண்கள் சுமந்த வேலைப் பளுவை எழுதினார்.

பிரான்சனின் கொள்கைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அடிமை முறைக்கு எதிராக அவர் எடுத்த நிலை மாசற்றது. ஆனால் கூலிக்கு வேலை செய்வதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. வீட்டுக்கோ கூலி தேவைப்பட்டது. தாய் அபிகெயில் மே, பாஸ்டனில் ஏழைகளிடையே ஊதியம் பெற்றுப் பணிபுரிந்தார், வேலைவாய்ப்பு அலுவலகமும் நடத்தினார். லூயிசா தையல் வேலை செய்தார், பாடம் சொல்லிக்கொடுத்தார். 1851இல் டெடம் ஊரில் ஒரு வீட்டில் ஏழு வாரம் பணிப்பெண்ணாக இருந்து பெற்ற ஊதியம் நான்கு டாலர். 1852இல் முதல் கதைக்கு ஐந்து டாலர் கிடைத்தது. இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவர் ஏன் பேனாவைப் பிடித்தார் என்பது தெளிவு. ஆண்டுதோறும் எந்தக் கதைக்கு எவ்வளவு வந்தது என்று நாட்குறிப்பில் கணக்கெழுதிவைத்தார். அந்தக் கணக்கில் பரபரப்புக் கதையும் நாவலும் சிறார் நூலும் ஒரே பட்டியலில்தான் இடம்பெறுகின்றன.

ஆகவே, சிறார் எழுத்து மட்டும் பணத்துக்கானது என்ற வாதம் தொடக்கத்திலேயே தடுமாறுகிறது. எல்லாமே பணத்துக்காகத்தான் எழுதப்பட்டன.

பரபரப்புக் கதைகள் எவ்வளவு சுதந்திரமானவை?

1863 ஜனவரியில் 'ஃப்ராங்க் லெஸ்லிஸ் இல்லஸ்ட்ரேட்டட் நியூஸ்பேப்பர்' இதழில் வந்த 'பாலின்ஸ் பேஷன் அண்ட் பனிஷ்மென்ட்' 100 டாலர் பரிசு பெற்றது. அதில் ஆசிரியர் பெயர் இல்லை. தொடர்ந்து 'தி ஃப்ளாக் ஆஃப் அவர் யூனியன்' இதழில் பர்னார்ட் என்ற பெயரில் கதைகள் வந்தன. அவற்றில் தலைசிறந்தது 1866இல் வந்த 'பிஹைண்ட் எ மாஸ்க்'. கவன்ட்ரி என்ற செல்வக் குடும்பத்துக்கு ஆசிரியையாக வரும் ஜீன் மியூர் பத்தொன்பது வயது அபலைப் பெண்ணாகத் தோன்றுகிறாள். தன் அறைக்குள் தனித்திருக்கும்போது பொய்ப்பின்னலையும் பொய்ப்பற்களையும் கழற்றி வைக்கிறாள். முப்பதைக் கடந்த, மணமுறிவு கண்ட நடிகை அவள். வீட்டு ஆண்களை ஒவ்வொருவராக வசப்படுத்தி, இறுதியில் மூத்தவரான சர் ஜானை மணந்து பட்டத்தையும் செல்வத்தையும் அடைகிறாள். தண்டனை எதுவும் அவளைத் தேடி வரவில்லை. பணிவு என்பது ஒரு நடிப்பாக இருக்க முடியும் என்பதை 1866இல் இவ்வளவு துணிவாகச் சொன்ன கதைகள் குறைவு.

இக்கதையை நான் உயர்வாகவே மதிக்கிறேன். ஆனால் இதை 'விடுதலை பெற்ற எழுத்து' என்று கொள்ளும்முன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அந்த இதழ்களுக்கென்று ஒரு வாய்பாடு இருந்தது: ஐரோப்பிய மாளிகை, மறைக்கப்பட்ட பிறப்பு, நஞ்சு, அபின், பழிவாங்கும் பெண். வாரந்தோறும் பக்கத்தை நிரப்பும் அளவும் வேகமும் வேண்டும். எல்லை மீறிய 'எ லாங் ஃபேட்டல் லவ் சேஸ்' நாவலை எலியட் திருப்பியனுப்பினார் என்பதே அங்கும் வேலி இருந்ததற்குச் சான்று. ஜீன் மியூரின் சினம் ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்தில்தான் நடமாட முடிந்தது. மாசசூசெட்ஸின் சமையலறைக்குள் அதற்கு வழியில்லை. ஆல்காட் தம் கண்ணால் கண்ட வறுமை, தையல், கடன், தங்கையின் சாவு ஆகியவற்றில் ஏறத்தாழ எதுவும் இந்தக் கதைகளில் இல்லை.

'மறைவு' பற்றிய சான்றும் முழுமையானதல்ல. சில பரபரப்புக் குறுநாவல்கள் 1867இல் எல். எம். ஆல்காட் என்ற பெயரிலேயே மலிவுப் பதிப்புகளாக வெளிவந்தன. இன்னொன்று: தமக்கு இயல்பான நாட்டம் இந்தக் கொந்தளிப்பான நடையில்தான், ஆனால் தாம் வாழ்ந்த கான்கார்ட் ஊரின் மரியாதைக்கும் எமர்சனின் பார்வைக்கும் அஞ்சியே அதை அடக்கிக்கொண்டதாக ஆல்காட் சொன்னார் என்று ஒரு கூற்று அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இதன் மூலம் லா சால் கார்பெல் பிக்கெட் 1916இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பு. ஆல்காட் இறந்து 28 ஆண்டுகளுக்குப் பின், உரையாடலை நினைவிலிருந்து எழுதியது. அதில் உண்மை இருக்கலாம். ஒரு வாழ்நாளின் எழுத்தையே எடைபோடும் கல்லாக அதைப் பயன்படுத்துவது தகாது.

பெரியவர்களுக்கான நாவல் என்ற பொறி

ஆல்காட் தம் உயிரைக் கொடுத்து எழுதியது 'மூட்ஸ்'. ஓர் ஆணை மணந்து, வேறொருவரை நேசிக்கும் சில்வியா யூல் என்ற இளம்பெண்ணின் கதை அது. பதிப்பாளர் லோரிங் நீளத்தைக் குறைக்கச் சொன்னார். பல அதிகாரங்களை வெட்டி, 1864இன் இறுதியில் நூல் வந்தது; தாம் சொல்ல நினைத்ததே சிதைந்துபோனதாக ஆல்காட் வருந்தினார். அடுத்த ஆண்டு 22 வயது ஹென்றி ஜேம்ஸ், ஆசிரியருக்கு மனித இயல்பு தெரியவில்லை என்று கடுமையாக மதிப்புரை எழுதினார். திருமணத்தைப் பற்றி வினவத் துணிந்த பெண் நாவலாசிரியரை எதிர்கொண்ட சூழல் அதுதான். 1882இல் அந்நாவலை மீண்டும் எழுதியபோது அவர் முடிவை மாற்றினார். முதற்பதிப்பில் சில்வியா இறக்கிறாள். திருத்திய பதிப்பில் வாழ்கிறாள், கணவனிடம் திரும்புகிறாள். முதல் முடிவில் சாவு, இரண்டாவதில் சமரசம். இரண்டுக்கும் வெளியே ஒரு வாழ்க்கையைச் சில்வியாவுக்கு அவரால் எழுத இயலவில்லை.

1873இல் வந்த 'வொர்க்' இதைவிட வலிமையான நூல். கிறிஸ்டி டெவன் பணிப்பெண், நடிகை, ஆசிரியை, தையற்காரி என்று ஒவ்வொரு வேலையாகக் கடந்து, இறுதியில் வர்க்கமும் நிறமும் கடந்த பெண்களின் வட்டத்தில் நிற்கிறாள். 1861இல் தொடங்கிய இந்நாவல் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தது. அதைத் தொடராக வெளியிட ஓர் இதழ் 3,000 டாலர் கொடுக்க முன்வந்ததற்குக் காரணம் 'லிட்டில் விமன்' ஈட்டித்தந்த பெயர். சிறார் எழுத்து நாவலாசிரியரைத் தின்றுவிட்டது என்பவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலை நினைவில் கொள்ள வேண்டும்.

1868: ஒரு வேண்டுகோளும் அதன் விளைவும்

1867 செப்டம்பரில் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்தின் தாமஸ் நைல்ஸ், சிறுமிகளுக்கான நூல் ஒன்று எழுதித் தருமாறு கேட்டார். ஆல்காட்டுக்கு விருப்பமில்லை. அதே சமயம் 'மெர்ரிஸ் மியூசியம்' என்ற சிறார் இதழின் ஆசிரியர் பொறுப்பை ஆண்டுக்கு 500 டாலருக்கு ஏற்றுக்கொண்டார். பிரான்சனின் 'டேப்லட்ஸ்' நூலும் அந்நிறுவனத்தின் பரிசீலனையில் இருந்தது. 1868 மே மாதத்தில் வேலையைத் தொடங்கியபோது, இது தமக்குப் பிடித்த வேலையில்லை என்றும், தம் சகோதரிகளைத் தவிரச் சிறுமிகளை அதிகம் அறியவில்லை என்றும் நாட்குறிப்பில் எழுதினார். வீட்டில் தாங்கள் ஆடிய நாடகங்கள் யாருக்காவது சுவைக்குமா என்று ஐயப்பட்டார். சிறார் எழுத்தை அவர் வெறுத்தார் என்பதற்குக் காட்டப்படும் இன்னொரு முதன்மைச் சான்று இது. பின்னாளில் இதைத் திரும்பப் படித்தபோது ஓரத்தில் அவர் எழுதிய சிறு குறிப்பு, தம் பழைய ஐயத்தை ஒரு நல்ல வேடிக்கையாகவே கண்டது. மேற்கோள் காட்டுவோர் இந்த ஓரக் குறிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஜூலை நடுவில் 402 பக்கங்கள் முடிந்தன. முதல் அதிகாரங்கள் சப்பென்று இருப்பதாக நைல்ஸ் நினைத்தார், ஆல்காட்டும் அதை ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் மெய்ப்பு வந்ததும் மனம் மாறியது. எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது, பரபரப்பு கொஞ்சமும் இல்லை, பெரும்பகுதி தாங்கள் வாழ்ந்ததே, நூல் வென்றால் காரணம் அதுவே என்ற பொருள்பட அவர் எழுதினார். பரபரப்புக் கதைகளில் கைதேர்ந்த ஒருவர், பரபரப்பு இல்லாமையையே தம் நூலின் சிறப்பாகக் கண்டுபிடித்த தருணம் இது. அவருடைய இலக்கிய வாழ்க்கையின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

நைல்ஸ் செய்த இன்னொரு உதவியையும் சொல்ல வேண்டும். மொத்தத் தொகைக்கு உரிமையை விற்றுவிடாமல் பதிப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும்படி அவர் ஆல்காட்டுக்கு அறிவுரை சொன்னார். அந்த ராயல்டியில் குடும்பத்தின் பழைய கடன்கள் அடைந்தன, தங்கை மே ஐரோப்பாவில் ஓவியம் பயின்றார், அக்கா ஆனாவின் குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. 1863இல் உள்நாட்டுப் போர்க்கால மருத்துவமனையில் செவிலியாக இருந்தபோது தாக்கிய டைஃபாய்டும், அதற்குத் தரப்பட்ட பாதரச மருந்தும் ஆல்காட்டின் உடலைக் கெடுத்திருந்தன. நலிந்த உடலோடு அவர் கட்டிய பொருளாதார அரண் இது.

முதற்பகுதி அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வந்தது. அச்சிட்ட 2,000 படிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன.

அம்மாவின் சினம்

நூலின் உள்ளே வருவோம். எட்டாம் அதிகாரத்தில் கடைக்குட்டி ஏமி, கதை எழுதும் அக்கா ஜோவின் கையெழுத்துப் பிரதியை எரித்துவிடுகிறாள். ஜோ மன்னிக்க மறுக்கிறாள். மறுநாள் பனிக்கட்டி உடைந்து ஏமி ஆற்றில் விழும்போது, எச்சரிக்காமல் விட்ட குற்றம் ஜோவைச் சுடுகிறது. தன் சினத்தை எண்ணி அழும் மகளிடம், தாமும் ஏறக்குறைய நாள்தோறும் சினம் கொள்பவர்தான் என்று தாய் மார்மி சொல்கிறார். நாற்பது ஆண்டுகளாக முயன்றும் அதை அழிக்க முடியவில்லை, வெளிக்காட்டாமல் இருக்கத்தான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார்.

அமைதியின் வடிவமாக நாவல் அதுவரை காட்டிய தாய் இவர். பன்னிரண்டு வயது வாசகியிடம் ஒரு தாய் இப்படிப் பேசுவது அந்நாளைய சிறார் நூல்களில் காணக் கிடைக்காதது. தாய்க்குக் கணவர் எப்படி உதவினார் என்பதும் அங்கே வருகிறது: சினம் எழும் நேரத்தில் அவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவாராம். நன்றியோடு சொல்லப்படும் இச்செய்தியைப் படிக்கும்போது யார் யாரை அடக்குகிறார் என்ற கேள்வி வாசகருக்குள் எழாமல் இராது. ஃபெட்டர்லி காட்டிய உள்நாட்டுப் போர் இங்கே நடக்கிறது என்பது சரி. ஆனால் அது ஒளிந்து நடக்கவில்லை. சினம், அதை அடக்கும் விலை, அடக்கச் சொல்லும் கை மூன்றும் பக்கத்தின் மேலேயே இருக்கின்றன. அபிகெயில் இறந்தபின் அவருடைய நாட்குறிப்புகளில் ஒரு பகுதியைக் குடும்பத்தாரே அழித்தார்கள். அவருடைய சினத்துக்கு அச்சில் எஞ்சிய நெடுங்காலச் சாட்சி ஒரு சிறுமியர் நூல்தான். ஜீன் மியூரின் சினத்துக்குப் பொய்ப்பல்லும் மாளிகையும் தேவைப்பட்டன. மார்மியின் சினத்துக்கு ஒரு தாயின் சொந்தக் குரல் போதுமாக இருந்தது.

எரிக்கப்பட்ட கதைகள்

இரண்டாம் பகுதியில் ஜோ நியூயார்க்கில் தங்கி 'வீக்லி வல்கேனோ' என்ற இதழுக்குப் பரபரப்புக் கதைகள் எழுதுகிறாள். பேராசிரியர் பேர் அவ்வகைக் கதைகளைப் பழிக்க, அவள் தன் கதைகளை அடுப்பில் இடுகிறாள். ஆல்காட்டின் சொந்த ஒப்புதல் வாக்குமூலமாக இதை வாசிப்பது வழக்கம். காலவரிசை இதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டாம் பகுதியை அவர் எழுதியது 1868 நவம்பர் முதல் ஆண்டின் இறுதி வரை. ஹஷீஷ் என்ற போதைப் பொருளை மையமாகக் கொண்ட அவருடைய 'பெரிலஸ் ப்ளே' கதை ஃப்ராங்க் லெஸ்லியின் இதழில் வந்தது 1869 பிப்ரவரியில். ஜோ கதைகளை எரித்தாள். ஜோவைப் படைத்தவர் தம் கதையை விற்றார். பாத்திரத்தின் மனமாற்றத்தை ஆசிரியரின் மனமாற்றமாகக் கொள்ளக் கூடாது.

ஜோவின் திருமணத்துக்கும் இது பொருந்தும். திருமணம்தான் பெண்ணின் ஒரே இலக்கு என்பதுபோல வாசகிகள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். யாரை மகிழ்விக்கவும் ஜோவை அண்டை வீட்டு லாரிக்கு மணமுடிக்கப் போவதில்லை என்று ஆல்காட் உறுதிகொண்டார். ஜோ எழுதிப் பிழைக்கும் தனிப்பெண்ணாக இருந்திருக்க வேண்டும், வாசகியரின் ஆரவாரத்துக்கு முழுதும் மறுப்புச் சொல்ல அஞ்சி, குறும்பாக ஒரு விசித்திரமான துணையை அமைத்தேன் என்று 1869 மார்ச்சில் ஒரு தோழிக்கு எழுதினார். இது சமரசம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 'மூட்ஸ்' நாவலின் இரு சமரசங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சில்வியாவின் முடிவை மறுத்துப் பேசும் வாசகர்களைக் காண்பது அரிது. ஜோவின் முடிவோடு 150 ஆண்டுகளாக வாசகிகள் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்குத் தேவையான கருவிகளை அவர்களுக்குக் கொடுத்தது அந்த நாவலின் முதற்பகுதியே.

1880இல் இரு பகுதிகளையும் இணைத்து, ஃப்ராங்க் மெரில் வரைந்த படங்களோடு ஒரு பதிப்பு வந்தது. அதில் கொச்சைப் பேச்சு திருத்தப்பட்டது, மார்மியின் பருத்த உடல் உயர்ந்ததாயிற்று, லாரி வளர்ந்தான், பேராசிரியர் பேர் சற்று அழகரானார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகம் படித்தது இந்த மெருகேறிய பாடத்தைத்தான். 'லிட்டில் விமன்' பணிவான நூல் என்ற தீர்ப்பில் இந்த மெருகுக்கும் ஒரு பங்கு உண்டு. முதற்பதிப்பின் முரட்டுப் பேச்சோடு படிப்பவருக்கு ஜோ வேறொருத்தியாகத் தெரிவாள்.

சிறார் நூலுக்குள் விரிந்த இடம்

'லிட்டில் விமன்' மட்டும் சான்றாகாது. 1870இல் வந்த 'ஆன் ஓல்ட்-ஃபேஷன்ட் கேர்ள்' நாவலில் பெக்கி என்ற சிற்பி, வருங்காலப் பெண்ணின் சிலையை வடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் செங்கோல் கொடுக்கலாமா, குழந்தையைக் கொடுக்கலாமா, ஓர் ஆணின் கையைப் பிடிக்கவைக்கலாமா என்று தோழிகள் விவாதிக்கிறார்கள். எல்லாவற்றையும் மறுத்து, அந்தப் பெண் தன் காலிலேயே நிற்க வேண்டும் என்கிறாள் பெக்கி. சிலையின் காலடியில் ஊசி, பேனா, வண்ணத்தட்டு, துடைப்பம் ஆகியவற்றோடு வாக்குப்பெட்டி ஒன்றையும் வைக்கிறார்கள். அமெரிக்க அரசியல் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்க அதற்குப்பின் அரை நூற்றாண்டு ஆனது. மாசசூசெட்ஸ் 1879இல் பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் பெண்கள் வாக்களிக்கலாம் என்றபோது, கான்கார்டில் பெயரைப் பதிவு செய்த முதல் பெண் ஆல்காட்.

1875இல் 'எயிட் கசின்ஸ்' வந்தபோது ஹென்றி ஜேம்ஸ் மீண்டும் மதிப்புரை எழுதினார். இம்முறை அவருடைய குறை, சிறார் நூலில் பெரியவர்கள் மீது அளவுக்கு மீறிய அங்கதம் இருக்கிறது, குழந்தைகள் மூத்தோரை எடைபோடக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது. 1865இல் அதே திறனாய்வாளர் ஆல்காட்டின் நாவலுக்கு உலகம் தெரியவில்லை என்றார். பத்தாண்டுகளுக்குப் பின், அவருடைய சிறார் நூலுக்கு உலகம் அதிகமாகத் தெரிந்துவிட்டது என்றார். என் வாதத்துக்கு இதைவிட நல்ல எதிர்த்தரப்புச் சாட்சி தேவையில்லை.

எழுத்துக்கு அவர் கொடுத்த விலையும் பொய்யல்ல. 'வொர்க்' எழுதியபோது அழுத்தி எழுதி வலக்கைக் கட்டைவிரல் செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகினார். கான்கார்ட் வீட்டு வாசலில் அந்நியர்கள் வந்து நின்றார்கள். 1879இன் இறுதியில் மே இறந்தார். அவர் விட்டுச்சென்ற குழந்தை லூலுவை ஆல்காட் வளர்த்தார். 1877இன் அலுப்புப் பதிவு, மேயின் சாவுக்கு முன்பே சேர்ந்திருந்த சோர்வின் குரல். ஒரே வகையை ஓயாமல் கேட்கும் சந்தையின்மேல் எழுந்த அலுப்பு அது. அந்த வகைக்குள் தாம் செய்ததை அவர் கைவிட்டதாக அதற்குப் பொருளில்லை. அப்பதிவுக்குக் காரணமான 'எ மாடர்ன் மெஃபிஸ்டோஃபிலிஸ்' நாவலை இன்று படிப்பவருக்கு அதன் இறுக்கமான செயற்கை நடையே முதலில் எதிர்ப்படும். எழுதியவருக்கு இன்பம் தந்த நூல் அவருக்கு விடுதலை தந்த நூலாக இருக்க வேண்டியதில்லை.

1886இல் வந்த கடைசி நாவல் 'ஜோஸ் பாய்ஸ்'. உடல்நலக் கேட்டால் ஏழாண்டுகள் இழுத்தது. மருத்துவர் நாளுக்குச் சிறிது நேரமே எழுத அனுமதித்த காலமும் உண்டு. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் கல்லூரி ஒன்று அதில் இருக்கிறது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமா என்ற விவாதம் நேரடியாகவே நடக்கிறது. ஜோவின் பழைய மாணவன் டான் ஓர் ஆளைக் கொன்று சிறை செல்கிறான், திரும்பியபின் தனக்கு எட்டாத ஒரு பெண்ணை நேசிக்கிறான். நாவல் அவனுக்கு எளிய மீட்பைத் தருவதில்லை. ஜோ புகழ்பெற்ற எழுத்தாளராகி, கையெழுத்து கேட்டு வருவோரிடமிருந்து வீட்டுக்குள் ஒளிகிறாள். முடிவில் கதைசொல்லி, பூகம்பம் ஒன்றை வரவழைத்து, ஜோவின் பள்ளியான பிளம்ஃபீல்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் மண்ணுக்குள் புதைத்துவிடத் தமக்கு ஆசை எழுகிறது என்று வாசகரிடம் வெளிப்படையாகவே சொல்கிறார். 1877இல் நாட்குறிப்பில் எழுதியதை அவர் 1886இல் சிறார் நாவலின் பக்கத்திலேயே எழுதிவிட்டார்.

அந்நாவலில் 'நான்' (Nan) என்ற பெயருடைய பெண்ணும் இருக்கிறாள். சிறுமியாக இருந்தபோது அடங்காப்பிடாரி. டாம் பல ஆண்டுகள் அவளைச் சுற்றிவருகிறான். அவள் இசையவில்லை. மருத்துவம் படித்து மருத்துவராகிறாள், மணம் செய்துகொள்ளாமல், தன் தொழிலில் நிறைவோடு வாழ்கிறாள். 'மூட்ஸ்' நாவலின் சில்வியாவுக்கும் 1869இன் ஜோவுக்கும் கிடைக்காத முடிவை ஆல்காட் ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்தது இங்கே, சிறுவர் சிறுமியருக்காக எழுதிய கடைசி நூலில். அது வெளிவந்த மறு ஆண்டு, தம் நூல்களின் பதிப்புரிமை குடும்பத்தை விட்டுப் போகாதிருக்க, ஆனாவின் மகன் ஜானைச் சட்டப்படி தத்தெடுத்தார்.